களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்

டீச்சர்,

உங்கள் குட்டித் தலையணை இப்போது என் மடியில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் நாம் வழக்கமாக வண்டி நிறுத்துவோமே, அந்தப் பலாமரத்து நிழலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கூட வந்தவர்கள் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகிறது. வெயில் ஏற ஏற அந்தத் துணியிலிருந்து நீலகிரித் தைல வாடை கிளம்புகிறது. நீங்கள் போய் இத்தனை மாதமாகியும் அது போகவில்லை. அதை வண்டியின் சீட் பெல்ட்டிலிருந்து கழற்றும்படி ஆகிவிட்டது டீச்சர். இன்று காலையில் நடந்தது அது. கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்லப் போனால் எழுத்துக் கோணிக்கொண்டு போகும், பிறகு நீங்கள் சிவப்பு மையால் சுழிப்பீர்கள்.

முதல் தடவை நீங்கள் வண்டியில் ஏறியபோது உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், இடது மார்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை திருவனந்தபுரம் போய் மருந்து ஏற்ற வேண்டும். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அதைவிடக் குறைவு. மேலப்பாளையத்துக்காரன், பெயர் காஜா, வண்டி சுத்தமாக இருக்கும். அந்த வண்டி சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் மச்சானுடையது என்பதை நான் சொல்லவில்லை. வெள்ளை போர்டு போட்ட சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது தப்பு என்பதையும் சொல்லவில்லை. நம்மூரில் அதையெல்லாம் யார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

பின் சீட்டில் உட்கார்ந்தால் உங்களுக்குக் குமட்டும். அதனால் முன்னால் உட்கார்ந்தீர்கள். ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளும் இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"டீச்சர், பார்டர் தாண்டிட்டா அங்கன அங்கன கேமரா வச்சிருக்கான். பெல்ட்ட மாட்ட வேண்டாம், சும்மா குறுக்க போட்டுக்கிடுங்க. போட்டோல மாட்டுன மாதிரியே தெரியும்."

"போட்டோவுக்கா பெல்ட்டு?" என்றீர்கள்.

அவ்வளவுதான். இழுத்து மாட்டிக்கொண்டீர்கள். தையல் போட்ட இடத்தில் பெல்ட் அழுத்தியிருக்கிறது. ஆஸ்பத்திரி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தீர்கள், ஒரு முனகல் கிடையாது. எனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்த தடவை வரும்போது நீலக் கட்டம் போட்ட துணியில் பஞ்சு அடைத்து, இரண்டு பித்தான் வைத்து, பெல்ட்டைச் சுற்றி மாட்டுகிற மாதிரி இந்தத் தலையணையைத் தைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். "இப்ப போட்டோவுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு" என்றீர்கள்.

நான் எவ்வளவு பயந்தாங்கொள்ளி என்று உங்களுக்குத் தெரியும். இருபது வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன். வள்ளியூர்வரை ராஜா மாதிரி போவேன். மார்த்தாண்டம் வந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவேன். நாடு முழுக்கச் சட்டம் ஒன்றுதான் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நம்மூரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒன்றை, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். கண்ணாடியில் வெயிலுக்கு ஒட்டிய கறுப்புத் தாளைக் கேட்டார்கள். பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தேன். முன்னால் மாட்டியிருந்த இரும்புக் கம்பியைக் கேட்டார்கள், அதையும் கழற்றினேன். இனி என்ன கேட்பார்களோ என்று தெரியாததுதான் பெரிய வேதனை. ஒரு தடவை கேமராவில் மாட்டி, எனக்கு வரவேண்டிய அபராதத் தகவல் வண்டி சொந்தக்காரர் என்ற முறையில் தம்மாமுக்குப் போய்விட்டது. "ஏலே, கேரளாவுல என் வண்டிக்கு என்னலே வேலை?" என்று மச்சான் போனில் கேட்டபோது, சாவு விழுந்த ஒரு மையத்து வீட்டுக்குப் போனேன் என்று சொல்லிவிட்டேன். உயிரோடு இருக்கிற உங்களை வண்டியில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லியிருக்கிறேன், அல்லா மன்னிக்கட்டும்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறதா? பாலராமபுரம் முக்கில் நான் நாலு இண்டிகேட்டர் விளக்கையும் ஒன்றாக மினுக்கவிட்டேன். நம் டிரைவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். நீங்கள் டக்கு டக்கு என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "எதுக்கு காஜா எல்லா லைட்டும் மினுக்குது?" என்றீர்கள்.

"நேரா போறோம்னு காட்டுதேன் டீச்சர்."

"நேரா போறதுக்கு எதுக்குலே லைட்டு? நேரா போனா போதாதா?"

பக்கவாட்டில் வருகிறவனுக்கு ஒரு பக்கத்து விளக்கு மட்டும்தான் தெரியும், நான் திரும்பப் போகிறேன் என்று நினைத்து வந்து மோதுவான் என்று விரலால் கண்ணாடியில் கோடு போட்டுக் காட்டினீர்கள். இருபது வருடமாக எனக்கு அது உறைக்கவில்லை.

குழித்துறை டீக்கடையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வெள்ளை போர்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போகிறவர்கள் எல்லாரும் பார்டருக்கு முன்னால் அங்கன நிறுத்துவோம். டீ ஒரு சாக்கு. அங்கே வைத்துத்தான் வண்டியில் இருக்கிற எல்லாரையும் சொந்தக்காரர் ஆக்குவோம். "கேட்டா நான் ஒங்க மருமகன். நீங்க எங்க மாமா." அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் மனப்பாடம் பண்ண வைப்போம். உங்களிடமும் சொன்னேன்.

"யாரும் கேட்டா அக்கான்னு சொல்லிருங்க டீச்சர்."

நீங்கள் டீயை வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். "மேலப்பாளையம் காஜாவுக்கு அக்கா எப்படிலே ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவா? பொய் சொல்லுததுன்னா கொஞ்சம் பொருந்துற மாதிரி சொல்லணும். என்னால முடியாது, என்னைய விட்டுரு." நீங்கள் விளையாட்டாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். மூன்று தடவை யாரும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

நாலாவது தடவை நெய்யாற்றின்கரைக்கு முன்னால் கையைக் காட்டி நிறுத்தினார்கள். அதிகாரி நல்ல மனுஷன், தமிழும் பேசினார். லைசென்ஸைப் பார்த்தார். "கூடெ ஆரா?" என்றார். "அக்கா சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் லைசென்ஸில் இருந்த என் பெயரைப் பார்த்தார், உங்கள் கழுத்துச் சங்கிலியில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். பிறகு உங்கள் பக்கமாகக் குனிந்து, "சேச்சி, இது உங்க தம்பியா?" என்று கேட்டார்.

நீங்கள் ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். கண்ணாலேயே கெஞ்சினேன் டீச்சர்.

"இல்ல சார். எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கிடையாது. இது நான் வாடகைக்குப் பிடிச்ச வண்டி. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும்."

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். பிடித்து வைத்துவிட்டால் மச்சானுக்கு என்ன பதில் சொல்வேன், அவர் ராத்தாவை என்ன கேட்பார் என்றுதான் மனசு ஓடியது. மச்சானுக்கு வாழ்க்கைப்பட்ட என் அக்காவை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் வீடுகளில் அப்படித்தான். அந்த ராத்தாதான் மச்சானிடம் மன்றாடி எனக்கு இந்த வண்டியை வாங்கித் தந்தவள். ஆர்சி புத்தகத்தை இரண்டு தடவை கீழே போட்டேன்.

அதிகாரி உங்களிடம், "நோயாளிகளை நிறுத்தி வைக்க மாட்டோம், ஓர் ஆட்டோ பிடிச்சுத் தர்றேன், நீங்க போங்க" என்றார். ஆட்டோ வந்தும் நின்றது. நீங்கள் இறங்கவில்லை. "வண்டிய விடும்போது நானும் போய்க்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்கள். கடைசியில் அபராதம் எழுதி, இனி இப்படி வரக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். அப்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

கொஞ்ச தூரம் வந்து வண்டியை நிறுத்திவிட்டு நான் உங்களை ஏசினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுக்க ஞாபகம் இருக்கிறது, எழுத மாட்டேன். "ஒரு வார்த்தை சொன்னா ஒங்க வாய் அழுகிருமா" என்பதுதான் அதில் குறைச்சலானது. நீங்கள் ரோட்டைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் மூச்சு வாங்கி நின்றதும், "ஏசி முடிச்சிட்டியா? தண்ணியக் குடி. பைய வண்டிய எடு" என்றீர்கள்.

அன்று டாக்டர் போய்விட்டிருந்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் அடுத்த நாள் கிடைத்தது. நீங்கள் உள்ளே ஏதோ தாளெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். நான் இதே பலாமரத்தடியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த இரண்டு வாரம்தான் டீச்சர் என்னைத் தின்கிறது. உங்களைக் கேட்டபோது, "ரெண்டு வாரத்துல ஒண்ணும் குடிமுழுகிறாது" என்றீர்கள். டாக்டரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை. ஆட்டோவில் போயிருந்தால் நேரத்துக்குப் போயிருப்பீர்கள். நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்காமல் இருந்தீர்கள் என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதிகாரியிடம் என்னைக் காட்டிக்கொடுத்ததற்காக ஏசினேன். விட்டுப் போகாமல் இருந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

மறுநாளே மச்சானுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மையத்து வீடு என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துச் சரி என்றார். வண்டியை முறைப்படி வாடகை வண்டியாக மாற்றி, கேரளாவுக்குள் போக வரியும் பெர்மிட்டும் கட்டி, மஞ்சள் போர்டு மாட்டினேன். அதில் நீங்கள் இரண்டே தடவைதான் வந்தீர்கள். "நல்லாத்தாம்லே இருக்கு. ஒரு மாலை போட்டிருக்கலாம்" என்று போர்டைத் தடவிப் பார்த்தீர்கள்.

இரண்டாவது தடவைதான் கடைசி. உங்களைத் தீவிர சிகிச்சைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒரு நர்ஸ் வந்து உங்கள் பெயரைச் சொல்லி, "பிரதர் ஆரா?" என்று கேட்டாள். உங்களுக்கு ஒரு தம்பி இருக்கிறாரா, எங்கிட்ட சொல்லவே இல்லையே என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் தாளைப் பார்த்து என் பெயரை வாசித்தாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். கூட இருப்பவர் என்ற இடத்தில் என் பெயர், என் போன் நம்பர். உறவு என்ற இடத்தில், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி உங்கள் குண்டு குண்டு எழுத்தில், தம்பி. கீழே தேதி. நான் உங்களை ஏசின அதே நாள்.

காலையில் அதிகாரியிடம் இல்லை என்று சொன்ன வாய். பொய் சொல்ல என்னால் முடியாது என்ற ஆள். மத்தியானத்துக்குள் என்ன மாறியது என்று உங்களைக் கேட்க வேண்டும் என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்க முடியாமல் போய்விட்டது.

இன்று காலைக்கு வருகிறேன். களக்காட்டிலிருந்து ஒரு புருஷன் பெஞ்சாதி, புருஷனுக்கு இதயத்தில் பிரச்சினை, முன் சீட்டில் இருந்தார். குழித்துறையில் டீக்கு நிறுத்தினேன். "யாரும் கேட்டா உள்ளதச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதே நெய்யாற்றின்கரைக்கு முன்னால் கையைக் காட்டினார்கள், இது வேறொரு அதிகாரி. எல்லாத் தாளும் சரியாக இருக்கிறது, பழைய பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவர் எட்டிப் பார்த்து இந்தத் தலையணையைப் பிடித்தார். "இது எந்தா? பெல்ட் உடம்போட ஒட்டி இருக்கணும். இவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆயிருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ கழற்று."

பித்தானைக் கழற்றினேன். ஒரு பித்தான் இறுகிப்போய் வர மறுத்தது. பொறுமையாக நின்றவர், நான் அதை மடித்துச் சட்டைக்குள் வைப்பதைப் பார்த்துவிட்டு, "ஆருடெயா இது?" என்று கேட்டார்.

"எங்க ராத்தாவுக்குள்ளது சார்" என்றேன்.

குரல் நடுங்கவில்லை டீச்சர். அவர் கையசைத்துப் போகச் சொன்னார். பாலராமபுரம் முக்கு வந்தது. எந்த லைட்டும் போடாமல் நேராக வந்தேன்.