முடிவைச் சொல்லக் கூடாது, மைனி

பார்சல் வந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகள் ஸ்டெல்லா, அவள் புருஷனும் உன் மகனுமான ஜெரால்டு, நம் இருவருக்கும் பொதுவான பேரன் ஆன்றோ, கையெழுத்துக்காக வாசற்படியில் நின்ற கூரியர்காரர். ஐந்து பேர். பார்சல் உன் பெயருக்கு வந்திருந்தது.

"அந்தம்மாவக் கூப்பிடுங்க, கையெழுத்துப் போடணும்" என்றார் கூரியர்காரர்.

"அவ வர மாட்டா. நான் போடுதேன்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"சம்பந்தி."

"சம்பந்தி பார்சல சம்பந்தி வாங்குறத இப்பதாம்மா பாக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை நீட்டினார்.

பெட்டிக்குள் ஒரு குறுந்தகடு, துணியில் அச்சடித்த வரைபடம், ஆங்கிலத்தில் ஓர் அட்டை. திறந்ததும் புது அச்சு மையின் வாசனை அடித்தது. பொறுமையாகக் காத்திருந்ததற்கு நன்றி என்று அட்டையில் எழுதியிருப்பதாக ஆன்றோ சொன்னான். காத்திருந்தது சரிதான் மைனி. போன வருஷமே அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பியிருந்தால் அந்த நன்றியை நீயே வாசித்திருப்பாய்.

டி.வி.யில் நாம் விளையாடிய பழைய பேய் விளையாட்டைச் செய்த அதே ஆட்கள், கம்பெனியை விட்டு வெளியே வந்து, உலகம் பூராவும் இருக்கிற ரசிகர்களிடம் கையேந்தி, அந்தக் காசில் செய்த புது விளையாட்டு இது. பழைய பெயரை வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது, அது கம்பெனிக்குச் சொந்தம். ஆன்றோ இதை நமக்கு விளக்கப் படாத பாடு பட்டான். நீதான் ஒரே வரியில் முடித்தாய்: "தங்கச்சி மக மாதிரி மைனி. மூஞ்சி அதே மூஞ்சி. இனிஷியல்தான் வேற." ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கு வைத்திருந்த காசை அன்றைக்கே கட்டச் சொன்னாய். "பழசையே இன்னும் முடிக்கலியே மைனி" என்றேன். "முடிஞ்ச பிறகு என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டாய்.

நாம் எப்படித் தொடங்கினோம் என்று கேட்டால் இன்றைக்கும் தெரு சிரிக்கும். ஒரே வீட்டில் இரண்டு விதவைகள். பதினோரு வருஷம் "சாப்பிட்டியளா", "குளிச்சியளா" என்பதற்கு மேல் பேச்சில்லை. காரணம் நீ அறிவாய். நிச்சயதார்த்தத்தில் என் அண்ணனை முதல் பந்தியிலிருந்து எழுப்பி இரண்டாம் பந்திக்கு அனுப்பினாய். உன் வீட்டு ஆட்கள் யாரோ ஏரலிலிருந்து வந்துவிட்டார்களாம். என் அண்ணன் தோணி ஏறி மாலத்தீவு போய் வந்தவர். இலையில் உப்பு வைத்த பிறகு அவரை எழுப்பினாய். அந்த வெற்றிலை நிறச் சேலையில் நீ நின்றது கண்ணில் அப்படியே இருக்கிறது.

ஆன்றோ கல்லூரிக்குப் போனபோது கேம் பெட்டியை வீட்டிலேயே விட்டுப் போனான். கேபிள் வராத ஒரு மதியம், இந்தப் பெட்டியிலாவது ஏதாவது சேனல் வருமா என்று நீ பொத்தானை அமுக்கினாய். வந்தது ஒரு இருட்டுப் பங்களா. ஒரு பெண், கையில் ஒரு விளக்கு, வீடு நிறையப் பூட்டிய கதவுகள். இது என்ன சீரியல் என்று கேட்டுக்கொண்டே நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தெரிந்தது, நாம் அசைக்காவிட்டால் அந்தப் பெண் அசைய மாட்டாள்.

உனக்கு விரல் மடங்காது. ஆனால் கான்வென்ட்டில் பத்தாவது வரை படித்த ஆங்கிலம் இருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இறால் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தோல் உரித்த விரல்கள் என்னுடையவை, அவற்றுக்குக் கண் தேவையில்லை. அங்கே சுவரில் எழுதியிருப்பதை, மேசையில் கிடக்கிற கடுதாசியை நீ வாசித்துச் சொல்வாய். நான் நடத்துவேன். இரண்டு கிழவிகளைச் சேர்த்தால் ஒரு ஆட்டக்காரி.

மூன்றாம் நாள் அலமாரிக்குள்ளிருந்து அந்தக் கை வந்தது. "ஏளா, ஓடு! கதவச் சாத்துளா!" என்று கத்தினாய். நான் ஓடினேன், சாத்தினேன். இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். "என்னையவா ஏளான்னிய?" என்றேன். "பின்ன, பேயையா சொன்னேன்?" என்றாய். அன்றோடு நமக்குள் "நீங்க" போயிற்று.

அந்த வாரமே ஆன்றோ போனில் கேட்டான், "பாட்டி, முடிவு என்னன்னு சொல்லட்டுமா?" என்று. "சொன்னியோ, இந்த வீட்ல உனக்குச் சோறு கிடையாது" என்றாய். அதுதான் நம் ஒரே சட்டம். யாரும் சொல்லக் கூடாது, நாமும் ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளக் கூடாது.

புது விளையாட்டு வந்த நாளைச் சொல்கிறேன். ஆன்றோ பெட்டியில் குறுந்தகட்டைப் போடுவதற்கு முன்னால் போனை எடுத்து ரசிகர்கள் எழுதியதை வாசித்தான். நமக்கு முன்னாலேயே பலருக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். ஒரே திட்டு. நடை ஆமை நடை. சுடுவதற்குத் துப்பாக்கி இல்லை. எந்த இழுப்பறையைத் திறந்தாலும் கடுதாசி, நாங்கள் விளையாட வந்தோமா பரீட்சைக்குப் படிக்க வந்தோமா? ஒருவன் பழையது மாதிரி இல்லை என்கிறான். அடுத்தவன் பழையது மாதிரியேதான் இருக்கிறது, புதிதாக என்ன செய்தீர்கள் என்கிறான். நம் ஊர்க் கல்யாணத்தில் பார்க்காததா? ஒரே இலை வரிசையில் ஒருத்தன் உப்பில்லை என்பான், பக்கத்து இலைக்காரன் உப்புக் கரிக்கிறது என்பான், இருவரும் இரண்டு முறை வாங்கித் தின்பார்கள்.

"முடிவுதான் ரொம்ப மோசமாம்" என்றான் ஆன்றோ. "அஞ்சு வருசம் காத்திருந்தது இதுக்கான்னு..."

"அங்கனயே நிறுத்து."

அப்போதுதான் ஜெரால்டு பேசினார். "அத்தை, எல்லாரும் பணத்தத் திருப்பிக் கேக்குதாங்க. நாமளும் அம்மா பேர்ல கட்டினதக் கேட்டுருவோமா? யாரு விளையாடப் போறா?"

"கேட்டா அவ பேரு அதுக்குள்ள இருக்குமா?" என்று ஆன்றோவிடம் கேட்டேன். பணம் போட்டவர்கள் பெயரெல்லாம் கடைசியில் ஓடும், திருப்பி வாங்கினால் எடுத்துவிடுவார்கள் என்றான்.

"மாப்பிள்ளை, சோறு ஆறுது. போய்ச் சாப்பிடுங்க" என்றேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் தனியாக உட்கார்ந்தேன். பனி பெய்கிற ஒரு ஊர், ஆளில்லாத ஒரு லாட்ஜ், அக்காளைத் தேடி வருகிற ஒரு பெண். நடை மெதுவாகத்தான் இருந்தது. விரல் எதையும் மறக்கவில்லை. முதல் இழுப்பறையைத் திறந்தேன், ஒரு கடுதாசி. திரை முழுக்க ஆங்கிலம். பழக்கத்தில் உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன் மைனி. சலவைத் துணி குவிந்து கிடந்தது.

ஆன்றோவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவன் ரசிகர் கூட்டத்தில் எல்லாவற்றையும் வாசித்துவிட்டவன். அவன் மூஞ்சி எதையும் மறைக்காது, உன் மூஞ்சிதானே. முடிவு தெரியாத ஆள் வேண்டும் எனக்கு. திரையை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கோலத்துக்குப் புள்ளி பார்ப்பதுபோலப் பார்த்து நோட்டில் வரைந்தேன். முழ நீளக் கடுதாசிக்கு ஒரு மதியம் ஆனது. தாளைக் கிழித்துக்கொண்டு முக்கு ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியிடம் போனேன். புதுக்கோட்டைக்காரர், உலகத்தில் எந்த விளையாட்டும் தெரியாதவர்.

கண்ணாடியை ஏற்றி வாசித்து, தமிழில் சொன்னார். "அவள் இன்னும் படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கிறாள். கை கழுவும் சத்தம் கேட்கிறது." தாளைக் கீழே வைத்தார்.

"யக்கா, இது யாரு எழுதினது?"

"லாட்ஜ் மேனேஜரு."

"எந்த லாட்ஜு? பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கதா?"

"இல்ல அண்ணாச்சி. பனி பெய்யிற ஊரு."

"எந்த ஊரா இருந்தா என்ன? ஸ்டேசன்ல ஒரு வார்த்த சொல்லிருவமா?"

விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. நான்காவது தாளுக்கு அவரே நாற்காலி எடுத்துப் போட்டார். ஏழாவது தாளில், "மேனேஜர் அப்பாவி யக்கா. சமையக்காரி மேலதான் எனக்குச் சந்தேகம்" என்றார். "வாசிக்கிறதோட நிறுத்துங்க அண்ணாச்சி. மேற்கொண்டு ஒரு சொல்லு கூடாது" என்றேன். ஆன்றோ உனக்குப் பயந்ததுபோல அவரும் எனக்குப் பயந்தார்.

கடுதாசி அதிகம் என்று திட்டுகிறார்களே, அந்தக் கடுதாசிகளில்தான் ஆட்கள் இருந்தார்கள். இறந்தவள் கடைக்குப் போட்ட சீட்டு ஒன்று இருந்தது, நூல், ஊசி, இரண்டு முட்டை என்று. அதை வாசித்த பிறகு அந்தப் படிக்கட்டுப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. முட்டை வாங்கச் சொன்னவளைத் தாண்டி எவனால் ஓட முடியும்?

ரசிகர்கள் விடவில்லை. நடையை வேகமாக்கு, வழிகாட்ட அம்புக்குறி போடு, முடிவை மாற்று என்று மனுப் போட்டார்கள். அதில் ஆயிரக்கணக்கில் கை தூக்கினார்களாம். எனக்குப் பொறுக்கவில்லை. ஆன்றோவை உட்காரவைத்து நான் சொன்னதை அந்த மனுவுக்குக் கீழேயே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன்.

"நான் தூத்துக்குடிக்காரி. என் அண்ணன் போன தோணி புயலில் பிந்தியபோது பன்னிரண்டு நாள் கடற்கரையில் நின்றிருக்கிறேன். அங்கே நான் ஓடியிருந்தால் தோணி சீக்கிரம் வந்திருக்குமா? பயம் என்றால் ஒன்று உன்மேல் பாய்வது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாய்ந்துவிட்டால் பயம் தீர்ந்துவிடும் தம்பி. பாயாமல் இருப்பதுதான் பயம். இதைச் செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. உனக்குத் தெரியாவிட்டால் நீ கொடுத்துவைத்தவன், வாயை மூடிக்கொண்டு இரு. அம்புக்குறி எனக்கு வேண்டாம்."

"கடைசி வரிய எடுத்துரவா பாட்டி?"

"முதல் வரிய வேணா எடு."

அன்று சாயங்காலத்துக்குள் எழுதிக் குவித்துவிட்டார்கள். இது பாட்டியே இல்லை, கம்பெனி செட்டப் என்றான் ஒருவன். பாட்டி எந்த அறையில் இருக்கிறீர்கள், உதவி வேண்டுமா என்று கேட்டாள் எந்த நாட்டுப் பெண்ணோ. மனுவுக்குத் தூக்கிய கையை இரண்டு பேர் கீழே இறக்கினார்கள். எனக்கு அந்த இரண்டு போதும். பிறகு ஆன்றோ சட்டென்று போனை மடியில் கவிழ்த்தான். எவனோ ஒரு தறுதலை, வேண்டுமென்றே, பதிலில் முடிவை அப்படியே எழுதிவிட்டானாம். ஆன்றோவின் மூஞ்சியை நான் பார்த்துவிடக் கூடாது என்று அடுக்களைக்குப் போய்விட்டேன். அந்த வாரம் முழுக்க அவனுக்கு முதுகைக் காட்டித்தான் சோறு போட்டேன்.

நேற்று மதியம் கடைசிக் கதவுக்கு வந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உன் நாற்காலியிலிருந்த துணியை மடித்து உள்ளே வைத்தேன். அதன் பிறகு திறந்தேன்.

எழுதியவர்கள் அத்தனை பேரும் தப்பு. அதைத் தவிர வேறு எந்த முடிவும் அந்தப் பெண்ணுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும், இன்னும் யாரையும் மண்ணுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். பிறகு பெயர்கள் ஓடின. ஆயிரம் பெயர் இருக்கும். உன் ரேஷன் கார்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் பார்த்த எழுத்து என்பதால், உன் பெயரை வாசிக்க எனக்கு அண்ணாச்சி தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. பழைய விளையாட்டில் நாம் கடைசிக் கதவுக்கு முன்னால் நிறுத்தியிருந்தோம். மறுநாள் திறப்பதாக இருந்தது, மறுநாள்தான் உனக்கு மூச்சு முட்டியது. ஒன்பது நாள் வார்டில் கிடந்தாய். வருகிற நர்ஸிடமெல்லாம் சொன்னாய்: "சீக்கிரம் அனுப்புங்கம்மா. வீட்ல ஒரு கதவு திறக்காமக் கெடக்கு." அவர்கள் பூட்டை உடைக்க ஆளனுப்பச் சொன்னார்கள், நாம் சிரித்தோம். அந்தக் கதவுக்காகக் கஞ்சி குடித்தாய், அந்தக் கதவுக்காகக் குழாயைப் பொறுத்துக்கொண்டாய்.

ஐந்தாம் நாள் உன் மகன் கப்பலிலிருந்து வந்து இறங்கினார். டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். நான் பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தபோது உன் கட்டிலருகே உன் மகன் கையில் போன் இருந்தது. நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாய்.

"முடிவு தெரிஞ்சிட்டு மைனி" என்றாய்.

"யாரு சொன்னா?"

"பிள்ளதான். தேடிப் பாத்துச் சொன்னான். அம்மா தெரியாமயே போயிரக் கூடாதுன்னு." பிறகு சொன்னாய், "பாசத்துலதான செஞ்சான். விட்டுரு."

அன்றிலிருந்து வீட்டுக்கு எப்போது போவோம் என்று நீ கேட்கவில்லை. டாக்டர் உன்னிடம் சொல்லாததை அந்த முடிவு உன்னிடம் சொல்லிவிட்டது. ஒன்பதாம் நாள் கஞ்சியைத் தள்ளிவிட்டாய்.

பழைய கதவை நான் இன்று வரை திறக்கவில்லை. அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. புதுக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். சட்டம் சட்டம்தான், நீ செத்துப்போனதால் அது செல்லாமல் போகாது. உன்னைப் பார்க்கும்வரை இந்த முடிவை நான் சுமந்துகொண்டுதான் இருப்பேன். கல்லறையில் மெழுகுவத்தி வைக்கும்போதுகூட வாயைத் திறக்கவில்லை.

என் அண்ணனை எழுப்பியதை உனக்கு மன்னித்துவிட்டேன். முடிவை எழுதின தறுதலையைக்கூட, யார் பெற்ற பிள்ளையோ என்று விட்டுவிட்டேன். பாசத்தில் செய்தார் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் இன்னும் அவருக்கு மீனில் நடுத்துண்டு வைக்கிறேன். நீ பெற்றவள், மன்னிக்கலாம். நான் மாமியார். ஜெரால்டை மன்னிக்க மாட்டேன்.