பதினோரு கண்ணி வடக்கே

நேற்றுக் காலையில் ஒரு செல்போனுக்குள் நாம் நட்ட கல்லைப் பார்த்தேன். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், தென்னந்தோப்பை ஒட்டி நிற்கிறதே, அதே சர்வே கல். போனைத் தரைக்கு நேராகப் பிடித்தால் கல்லும் மண்ணும் எருக்கஞ்செடியும் இருக்கிறபடியே தெரிகின்றன. அவற்றின் மேல், தரையில் இல்லாத ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. போனை இறக்கிப் பார்த்தேன், கோடு இல்லை. மறுபடி பிடித்தேன், இருந்தது. அது நம் கல்லைத் தொடாமல் தெற்கே தள்ளி, ஒரு வீட்டின் அடுப்படிக்குள் புகுந்து போனது.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நீ இறந்துபோய் ஒன்பது வருஷம் ஆன பிறகு உனக்கு என்ன கடிதம் என்று கேட்டாள். ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன்.

போனைக் கொண்டுவந்த பெண்ணின் பெயர் நசீமா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. மதுரையில் ஒரு கம்பெனிக்குச் சாப்ட்வேர் எழுதுகிறாள். பழைய சர்வே படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்தந்தத் தரையின் மேலேயே வைத்துக் காட்டுகிற வேலை. “மேல சாட்டிலைட்டு, கீழ நீங்க நட்ட கல்லு. ரெண்டையும் சேத்துக் கட்டுனாத்தான் தாத்தா கோடு சரியா நிக்கும். இந்த எடத்துல நாலு கல்லு இருக்கு. மூணு படத்தோட ஒத்துப்போகுது. இது மட்டும் வெலகுது” என்றாள். அன்று சர்வேயருக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன் என்று விசாரித்து, வீட்டுக்கே ஆட்டோ கொண்டுவந்துவிட்டாள்.

அந்த அடுப்படி ஞானத்தாயுடையது. பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் தறி ஓட்டுகிறவள். நாம் கல் நட்டு ரொம்ப காலம் கழித்து மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறாள். நாங்கள் போய் இறங்கும்போது தோப்புக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“செல்போனே சொல்லிருச்சுல்ல? வீடு கட்டும்போது ராவோட ராவா கல்லைப் பெயத்து, எந்தோப்புக்குள்ள தள்ளி நட்டிருக்கா. போலீசுல எழுதிக் குடுக்கத்தான் போறேன்.”

“நான் வரும்போதே கல்லு இங்கனதான்யா நின்னுச்சு. கல்லை நம்பித்தான அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுனேன்?” என்றாள் ஞானத்தாய். பிறகு என்னிடம் திரும்பினாள். “கம்பெனியில சிரிக்காளுக அண்ணாச்சி. ஏட்டி ஞானத்தாயி, போகும்போது எங்க தறியவும் நகத்தி வச்சுட்டுப் போயிராதன்னு.”

உனக்கு ஞாபகம் இருக்கும். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்றுதான் அந்தக் கல்லை நட்டோம். சர்வேயர் முந்தின சாயங்காலமே அளந்து, புத்தகத்தில் எழுதி, முளைக்குச்சி அடித்துவிட்டுப் போயிருந்தார். முளை இருக்கிற இடத்தில் கல்லை நட வேண்டியது மட்டும்தான் நம் வேலை. அங்கே சாண் ஆழத்துக்குக் கீழே சுக்கான்பாறை. கடப்பாரை துள்ளித் துள்ளி வந்தது. பாறை வந்தால் நடாமல் நிறுத்தி, சர்வேயரிடம் சொல்ல வேண்டும். அவர் வந்து புத்தகத்தில் குறிப்பு எழுத வேண்டும். அதுதான் முறை.

“ஏலே, அவுக வந்து எழுதுத வரைக்கும் தேரு நமக்காக நிக்குமா?” என்றாய். வடக்கே இளமண்ணாகப் பார்த்து நீயே குழியைத் தோண்டினாய். நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் பிடித்துக் கல்லை இறக்கினோம். முளையைப் பிடுங்கி நீ வேலிக்குள் எறிந்தாய். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. முளை இருந்த இடத்துக்கும் கல்லுக்கும் சங்கிலியை நீட்டினேன். சங்கிலியின் ஒவ்வொரு கம்பித் துண்டும் ஒரு கண்ணி; நடுநடுவே பித்தளை வில்லைகள் தொங்கும். ஒரு பல் உள்ள வில்லை என்றால் பத்துக் கண்ணி. எழுத்துத் தெரியாத நமக்கு அந்தப் பல்தானே எழுத்து. ஒரு பல், அதற்கு மேல் ஒரு கண்ணி, ஆகப் பதினொன்று.

“அளக்காதலே. அளந்தா சொல்லணும்” என்றாய். சங்கிலியைச் சுருட்டிவிட்டேன்.

தேர் பார்த்தோம். மறுநாள் சர்வேயர், “நட்டாச்சா?” என்று கேட்டார். “நட்டாச்சு சார்” என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நேற்று அந்த வேலியோரத்தில் நின்று, கல்லை இங்கே நட்டது நான், ஞானத்தாய் இல்லை என்றேன். தோப்புக்காரர் சிரித்தார். “ஒத்த ஆளு தூக்குற கல்லா பெருசு இது? யாரக் காப்பாத்த வந்திருக்கீரு?”

அது ஒத்த ஆள் தூக்குகிற கல் இல்லை. வத்திராயிருப்பில் உன் மக்கள் இருக்கிறார்கள். அப்பாவைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற பிள்ளைகள். ஆனாலும் உன் பேரைச் சொன்னேன். தேரையும் பாறையையும் சொன்னேன். “முளை இருந்த எடத்துல இருந்து பதினோரு கண்ணி வடக்க” என்றேன்.

நசீமா கண்ணிக்கு எத்தனை அடி என்று போனில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். “வெலகல் எம்புட்டுன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே தாத்தா” என்றாள். போனைத் தோப்புக்காரரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடப்பாரை வாங்கிவரச் சொன்னார். கோடு ஓடிய இடத்தில் அவரே குத்தினார். நங்கென்று பாறை சொன்னது. அதற்குப் பிறகு அவர் போலீஸ் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் கோடு கோடுதான் என்றார். அதுவும் நியாயம்தான்.

நம்மால் ஞானத்தாய்க்கு அடுப்படி போகப்போகிறது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடுப்ப முன்னால தள்ளிப் போட்டுக்கிடுதேன் அண்ணாச்சி. நாளைக்குத் தறிக்குத் தல நிமுந்து போவேன்லா” என்றாள். கூடவே, “ரெண்டு பேரும் அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்?” என்றும் கேட்டாள்.

அந்த இடத்தில் ஒரு குறிப்பு வைக்கலாம் என்றாள் நசீமா. இனி யார் போனைப் பிடித்தாலும் கல்லின் மேல் அது நிற்குமாம். எழுத்தாக வைத்தால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, குரலாக வையம்மா என்றேன். போனை என் வாய்க்கு நேரே நீட்டினாள். நடந்ததைச் சொன்னேன். நம் இரண்டு பேர் பேரும் அதில் இருக்கிறது.

சேதி இதுதான். இன்னொன்றும் இருக்கிறது, அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, வீட்டைப் பற்றியோ மக்களைப் பற்றியோ நீ ஒன்றும் பேசவில்லை. “அந்தக் கல்லு இன்னும் நிக்குதாலே?” என்று கேட்டாய். எந்தக் கல் என்று நான் கேட்கவில்லை. “நிக்குது” என்றேன். மேலே நீ கேட்பாய் என்று நானும், நான் சொல்வேன் என்று நீயும் வெகுநேரம் சும்மா இருந்தோம். பிறகு நான் எழுந்து வந்துவிட்டேன்.