காலி வண்டியை ஒருமுறை அளந்து பார்க்கக் கோரி

அனுப்புநர்:
லினெட் பாஸ்கோ,
ஃபீல்டிங் சாலை,
வாரிங்காட்டா.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர்,
வாகனத் தகுதிப் பிரிவு,
மாநில வாகனப் பதிவுத் துறை.

பொருள்: எனது போலோ ஜிடிஐ காரில் ஒட்டப்பட்டுள்ள மஞ்சள் தடை வில்லையை நீக்குவதும், தரையிலிருந்து அதன் உயரத்தைச் சமதளத்தில், சுமையில்லாமல் மறுபடி அளப்பதும் தொடர்பாக.

பார்வை: 1. நெடுஞ்சாலைக் காவலர் வழங்கிய குறைபாட்டு அறிவிப்பு.
2. "திரு. எல். பாஸ்கோ" என்பவருக்குத் தங்கள் துறை அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். ஐயா என்று எழுதுவதா, அம்மா என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பார்வை 2-இல் உள்ள பதிலில் கையொப்பம் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. தெரியாத ஒன்றை ஊகித்து எழுத வேண்டாம் என்பதால் அதிகாரி என்றே அழைக்கிறேன். நான் ஒரு பெண். திரு. எல். பாஸ்கோ என்று யாரும் இந்த வீட்டில் இல்லை. முன்பு ஒரு திரு இருந்தார். அவர் பெயர் அதுவல்ல, இப்போது அவரும் இல்லை.

1. எனக்கு வயது நாற்பத்தாறு. பேச்சுப் பயிற்சி அளிப்பது என் தொழில். வாரிங்காட்டாவைச் சுற்றியுள்ள பண்ணைப் பகுதிப் பள்ளிகளுக்குச் சென்று, திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கும் பேச்சு தாமதமான பிள்ளைகளுக்கும் பயிற்சி தருகிறேன். அந்தப் பள்ளிகளுக்குப் பேருந்து கிடையாது. என்னிடம் உள்ளது இந்த ஒரே கார். மஞ்சள் வில்லை ஒட்டிய நாளிலிருந்து அதைச் சாலையில் ஓட்ட எனக்கு அனுமதி இல்லை. இந்த மாத இறுதிக்குள் வில்லை நீங்காவிட்டால் பதிவே ரத்தாகும் என்று அறிவிப்பு சொல்கிறது. பதிவு ரத்தானால் காரில் செய்த மாற்றங்களுக்குப் பொறியாளர் தந்த ஒப்புதலும் கூடவே செல்லாமல் போகும். ஆகவே நான் கேட்பது சிறிய விஷயமாகத் தெரிந்தாலும் எனக்கு அது சிறியதல்ல.

2. மாற்றங்களைப் பற்றி. சாலைக்கு ஒரு கார், பந்தயத் தடத்துக்கு ஒரு கார் என்று வைத்துக்கொள்ள எனக்கு வசதி இல்லை. வார நாட்களில் பள்ளிகளுக்கும், சில மாதங்களுக்கு ஒருமுறை பிண்டாரா தடத்துக்கும் இதே காரில்தான் போகிறேன். இரண்டுக்கும் பொருந்தும்படி அதை மாற்ற எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. நல்ல பிரேக் போட்டேன். பின் இருக்கைகளை எடுத்துவிட்டு, கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்கும் இரும்பு வளைவைப் பொருத்தினேன். ஸ்பிரிங்குகளை மாற்றியபோது என் கார் கிளப் நண்பர்கள் எல்லோரும் இன்னும் தாழ்த்து, இன்னும் இறுக்கமாகப் போடு என்றார்கள். நான் கேட்கவில்லை. மழைக்குப் பிறகு எங்கள் மண் சாலைகள் எப்படி வரி வரியாகக் கிடக்கும் என்பது அவற்றில் தினமும் போகிற எனக்குத் தெரியும். தடத்தில் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து, சாலையில் என் முதுகைக் காப்பாற்றிக்கொண்டேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்த பொருட்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. இந்தக் கார் அவற்றில் ஒன்று. இது மனுவில் எழுத வேண்டிய செய்திதானா என்று யோசித்தேன். எழுதியதை அடித்துத் திருத்தாமல் விடுகிறேன்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தங்கள் துறை அங்கீகரித்த பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்டார். அதற்கான உலோகத் தகடு இன்ஜின் அறையில் அறையப்பட்டிருக்கிறது. இது இரண்டு இருக்கை உள்ள வாகனம் என்று தங்கள் பதிவேட்டிலும் இருக்கிறது.

3. சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் பிண்டாராவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அறிவிப்பில் "பந்தயத்தில் கலந்துகொண்டு" என்று எழுதியிருக்கிறார்கள். அது பந்தயம் அல்ல. அவரவர் காரை அவரவர் திறமைக்கேற்ப ஓட்டிப் பார்க்கும் பயிற்சி நாள். பரிசு கிடையாது. மதியம் ரொட்டியில் வைத்த சாசேஜ் உண்டு, அவ்வளவுதான்.

அன்று எங்கள் கிளப்பின் மூத்த உறுப்பினர் நெவ் ஹோஸ்கிங் அவர்களின் காரில் கிளட்ச் போய்விட்டது. கார் நின்றுபோனவரை மற்றவர்கள் வீடு சேர்ப்பதும், அவருடைய சாமான்களையும் ஏற்றிக்கொள்வதும் எங்கள் வழக்கம். என் முறை வந்தது. தடத்துக்கென்று நாங்கள் தனி டயர் வைத்திருப்போம், திரும்பும்போது அவற்றைக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு வருவோம். ஆகவே என் காரின் பின்பகுதியில் என்னுடைய நான்கு சக்கரங்களும், அவருடைய நான்கு சக்கரங்களும், இரண்டு ஜாக்கிகளும், கருவிப் பெட்டியும், பாதி உருகிய ஐஸ் பெட்டியும் இருந்தன. பின்கதவைத் தோள் கொடுத்துத்தான் மூடினோம். முன் இருக்கையில் நெவ் இருந்தார். அவருடைய எடையை இங்கே குறிப்பிடுவது நாகரிகமல்ல. ஆனால் அதை ஒதுக்கிவிட்டு இந்த மனுவைப் புரிந்துகொள்ள முடியாது.

4. வாரிங்காட்டாவுக்கு முந்தைய பாலத்தருகே காவலர் நிறுத்தினார். தடத்தில் கதவின் மேல் டேப்பால் ஒட்டிய அடையாள எண்ணை எடுக்க மறந்திருந்தேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். அவர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். அறிவிப்பில் அதன் ஒரு வரி மட்டும் இருக்கிறது என்பதால் முழுவதையும் தர வேண்டியிருக்கிறது.

"வண்டி ரொம்ப இறங்கியிருக்கே மேடம்," என்றார் காவலர்.

நான் வாய் திறப்பதற்குள் நெவ், "இறங்கியிருக்காவா? எறும்பு வந்தாக்கூட குனிஞ்சுதான் தம்பி போகணும்," என்றார்.

"அப்படியா சார்?"

"பின்ன? இன்னிக்கு இவ முன்னாடி ஒருத்தன் நிக்கல. பெரிய பெரிய வண்டி வச்சிருந்தவனெல்லாம் ஒதுங்கி வழி விட்டுட்டான். சும்மா தரையோட தரையா ஒட்டிக்கிட்டுப் போச்சு."

"நெவ், கொஞ்சம் சும்மா இருங்க," என்றேன் நான்.

"ஏன், உண்மையத்தானே சொல்றேன். நல்ல வண்டிய நல்ல வண்டின்னு சொன்னா என்ன?"

மற்ற இடங்களில் ஒருவர் வீட்டுச் சமையலை ருசியாக இருக்கிறது என்று சொல்வதைப் போல, எங்கள் கூட்டத்தில் ஒருவருடைய காரைத் தாழ்வாக இருக்கிறது என்று சொல்வார்கள். நெவ் என்னைப் பாராட்டினார். அதுவும் என்னைப் போன்ற ஒருத்தியை, ஒரு காவலர் முன்னால், நாள் முழுதும் தன் கார் ஓடாத வருத்தத்தை மறைத்துக்கொண்டு பாராட்டினார். அறிவிப்பில் அது, "வாகனம் அளவுக்கு மீறித் தாழ்த்தப்பட்டுள்ளதை உடன் பயணித்தவர் ஒப்புக்கொண்டார்" என்று ஆகியிருக்கிறது.

5. பிறகு காவலர், விதிப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச உயரமான நூறு மில்லிமீட்டருக்கு வெட்டிய மரக்கட்டையைக் காரின் பின்பகுதிக்கு அடியில் நுழைக்கப் பார்த்தார். அது நுழையவில்லை. கார் நின்றது சாய்வான சரளை ஓரத்தில். பின் சக்கரங்கள் சரளைக்குள் அழுந்தியிருந்தன. சாமான்களை இறக்கிவிட்டு அளக்கலாமே என்று கேட்டேன். நெவ்வையும் இறங்கச் சொன்னேன். அவருக்கு முழங்கால் சரியில்லை. "எறக்கிடலாம், திரும்ப ஏத்த கிரேன் வச்சிருக்கியா?" என்றார். காவலர் சிரித்துவிட்டார். "விடுங்க மேடம், எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. ஆய்வு மையத்துல காலியா அளந்து பாத்துப்பாங்க," என்றபடி வில்லையை ஒட்டினார்.

அந்த வார்த்தையை நம்பினேன். என் குறை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

6. ஓட்டக் கூடாத காரை இழுவை வண்டியில் ஏற்றி ஆய்வு மையத்துக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த ஆய்வாளர் காரைச் சுற்றி வந்து, "பையன் வண்டியாம்மா?" என்றார். என் வண்டி என்றேன். "சரி, பையன வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்," என்றார். எனக்கு மகன் இல்லை. இருந்திருந்தாலும் இந்தக் காரை அவனுக்குத் தந்திருக்க மாட்டேன்.

இது தெளிவான பிறகு அவர் சொன்னது: "அறிவிப்புல தாழ்வுன்னு போட்டிருக்கு. மாத்திட்டு வாங்க, பாக்குறேன். மாத்தாத வண்டிய அளக்க எனக்கு உத்தரவு இல்ல."

தாழ்வாக இல்லாததை எப்படி மாற்றுவது என்று கேட்டேன்.

"தாழ்வா இல்லையான்னு அளந்தாத்தானேம்மா தெரியும்?"

அதைத்தான் கேட்கிறேன் என்றேன்.

"மாத்திட்டு வாங்க," என்றார்.

அளவுகோல் அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். காரை இழுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

7. அதன்பின் தங்கள் துறையைத் தொலைபேசியில் கேட்டேன். அறிவிப்பைக் காவல் துறைதான் திருத்த வேண்டும் என்றார்கள். காவல் நிலையத்தில், வில்லை ஒட்டுவது மட்டுமே காவலர்களின் வேலை, நீக்குவது ஆய்வு மையம் என்றார்கள். ஆய்வு மையம், பதிவுத் துறையிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னது. கடிதம் கேட்டுத் தங்களுக்கு எழுதினேன். வந்த பதில்தான் பார்வை 2. வாகனத்தை அது தயாரிக்கப்பட்டபோது இருந்த நிலைக்கு முழுவதுமாகத் திருப்ப வேண்டும் என்று அதில் திரு. எல். பாஸ்கோவுக்கு ஆணையிடப்பட்டிருக்கிறது.

திரு. பாஸ்கோ இருந்து அவ்வாறு செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். இரும்பு வளைவை எடுத்துப் பின் இருக்கைகளைப் பொருத்தியதும் அது ஐந்து இருக்கை வாகனமாகிவிடும். பதிவேட்டிலோ இரண்டு. அந்த வேறுபாட்டுக்கு இன்னொரு குறைபாட்டு அறிவிப்பு வரும். ஆணைக்குக் கீழ்ப்படிந்ததற்காகவே கார் மறுபடி நிறுத்தப்படும். இதை எழுதியவர் ஒரு காரை மனதில் வைத்து எழுதினாரா, எல்லாக் கார்களுக்கும் பொதுவாக எழுதினாரா என்று தெரியவில்லை.

8. ஆனாலும் சலித்துப்போய், ஒரு சனிக்கிழமை காரை உயர்த்தி நிறுத்தி, பழைய ஸ்பிரிங்குகளைப் பரணிலிருந்து இறக்கி வைத்தேன். வேலைக்குப் போக வேண்டும். ரூபி வேல் பள்ளியில் ஒரு சிறுமி, தன் பெயரைத் திக்காமல் சொல்ல இரண்டு பருவமாக முயன்றுகொண்டிருக்கிறாள். நான் போகாத வாரங்களில் மறுபடி பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்று அவளுடைய ஆசிரியை சொன்னார். இதற்கு முன்னால் ஸ்பிரிங் என்ன பெரிய விஷயம் என்று எண்ணி முதல் போல்ட்டைத் தளர்த்தினேன். பிறகு அதைத் திரும்ப முறுக்கி வைத்தேன். பிடிவாதம் காரணமல்ல. "நீ தப்பாகச் சொல்கிறாய், எதற்கு வம்பு, மாற்றிக்கொள்" என்று யாராவது சொன்னதும் மாற்றிக்கொள்ளக் கூடாது, நிதானமாக இன்னொரு முறை சொல் என்றுதான் அந்தச் சிறுமிக்கு நான் கற்பிக்கிறேன். நானே செய்யாததை அவளிடம் எப்படிக் கேட்பது?

9. ஆகவே நானே அளந்தேன். என் கொட்டகையின் சிமெண்டுத் தரை சமமானது. ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். காலி வண்டியின் மிகத் தாழ்ந்த இடம் தரையிலிருந்து நூற்று இருபத்திரண்டு மில்லிமீட்டர். பிறகு எட்டு சக்கரங்களையும் மற்ற சாமான்களையும் ஏற்றினேன். நெவ் ஹோஸ்கிங் அவர்களைக் கேட்டுக்கொண்டதன் பேரில் அவரும் வந்து அதே இருக்கையில் அமர்ந்தார். "அன்னிக்கு சாசேஜ் சாப்ட்டிருந்தேன், அதையும் கணக்குல சேத்துக்கோ," என்றார். இப்போது உயரம் தொண்ணூற்று ஆறு. காவலரின் கட்டை ஏன் நுழையவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். வாகனத்தைச் சமதளத்தில், சுமையின்றி அளக்க வேண்டும் என்று தங்கள் துறையின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. இரண்டு நிலைகளின் புகைப்படங்களையும், நெவ் எழுதித் தந்த விளக்கத்தையும் இணைத்துள்ளேன். அவருடைய விளக்கத்தில் என் காரைப் பற்றிய மேலும் சில பாராட்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தயவுசெய்து ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ள வேண்டாம்.

10. தங்களிடம் நான் கேட்பது சலுகை அல்ல. டேப் எண்ணை எடுக்காததற்குத் தண்டனை உண்டென்றால் ஏற்கிறேன். காரைச் சமதளத்தில், காலியாக அளக்கும்படி ஆய்வு மையத்துக்கு இந்த மாத இறுதிக்குள் உத்தரவிட வேண்டும். அளவு சரியாக இருந்தால் வில்லையை நீக்கி, மற்ற மாற்றங்களுக்குப் பொறியாளர் தந்த ஒப்புதல் செல்லும் என்று எழுத்தில் தர வேண்டும். அளந்த பிறகும் நூறுக்குக் கீழே இருந்தால், வேறு யாரும் சொல்லத் தேவையில்லை, அந்த ஸ்பிரிங்குகளை நானே கழற்றுகிறேன்.

ஆய்வு நாளன்று தானும் வர வேண்டும் என்று நெவ் விரும்புகிறார். அழைத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காருக்கு வெளியே, இருபதடி தள்ளி, பேசாமல் நிற்பதாக அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

தங்கள் பதிலுக்காகவும் ஓர் அளவுகோலுக்காகவும் காத்திருக்கும்,

(கையொப்பம்)
லினெட் பாஸ்கோ
காரின் உரிமையாளரும், அதை மாற்றியமைத்தவரும், ஓட்டுபவரும்

இடம்: வாரிங்காட்டா
நாள்: ஆகஸ்ட் 9, 2023