விழுங்கிய மூன்று

தம்பிக்கு,

எனக்கு எண்ணத் தெரியாது என்று ஊரையே சிரிக்க வைத்துவிட்டாய். நம் பாட்டுக்குழுவைப் பற்றி நீ எழுதிய படத்தில், டிரம்ஸ் அடிக்கும் அண்ணன் பாட்டைத் தொடங்கும்போது "ஒண்ணு, ரெண்டு, நாலு" என்று உளறுகிறான். அந்தத் தப்பாலேயே பாட்டு ஒரே வாரத்தில் பிரபலமாகிறது. தியேட்டரில் என் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணீர் வரச் சிரித்தார்.

மூன்றை நான் ஏன் விழுங்கினேன் என்று உனக்குத் தெரியும். சலவைக்கடை மாடியில் பாட்டைப் பதிவு செய்தபோது, நான் "ரெண்டு" என்ற நொடியில் கடைக்காரர் மகள் கதவைத் திறந்து நின்றாள். பாட்டு முடியும்வரை பொறுத்திருந்து, "இன்னொரு தடவை அடிச்சா கரண்ட் ஃபியூஸைப் பிடுங்கிடுவேன்" என்றாள்.

அவள் இறங்கிப் போனதும் நீதான் கேட்டாய்: "என்னண்ணே, மூணு தொண்டையிலயே மாட்டிக்கிச்சா? அண்ணின்னு கூப்பிடவா?"

முப்பத்தாறு வருடம் அப்படித்தான் கூப்பிட்டாய். படத்தில் அந்தக் கதவு திறக்கவே இல்லை. "காமெடிக்கு அது சரிப்படலண்ணே" என்கிறாய் போனில். அவள் இன்று உயிரோடு இருந்திருந்தால் துணிந்திருப்பாயா?

உன் டைரக்டர் அந்த எண்ணும் காட்சியை வெட்ட வேண்டும். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து, என் வாசலில் நின்று ஒன்றிலிருந்து நான்குவரை சத்தமாக எண்ண வேண்டும். மூன்றில் தொண்டை அடைத்தால் உள்ளே வா. அடைக்காவிட்டால் அப்படியே திரும்பிப் போ.

இப்படிக்கு,
எண்ணத் தெரிந்த அண்ணன்