இரண்டு போல்ட் இருந்தால் ஏறாதே

கர்ரா டவுன்ஸ்
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் மார்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம், அங்கே நீ சுகமா என்று எப்போதும் ஒரு வரியில் கேட்டுவிட்டு ஊர்க்கதைக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை அந்த ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை, நீ சுகம் என்று யாராவது வந்து என் காதில் சொல்லும்வரை வாயில் வைக்கிற எதுவும் தொண்டையில் இறங்காது. முதலில் ஒரு காரியம் செய். இதை பைக் மேல் உட்கார்ந்துகொண்டு படிக்கிறாய் என்றால் இறங்கு. உன் நாய் பிஸ்கட் பின்னால் உட்கார்ந்திருந்தால் அவனையும் இறக்கிவிடு, அவனுக்கும் எலும்பு உடையும். எங்காவது நிழலில் போய் உட்கார்ந்து மிச்சத்தைப் படி. அம்மாவுக்குப் பயப்பட மறுபடியும் ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்று சிரிக்காதே. மின்னலுக்குப் பயந்தேன், பாம்புக்குப் பயந்தேன், வடமேற்கே கிம்பர்லிக்கு மாடு ஓட்டப் போகிறேன் என்று நீ நின்றபோது முதலைக்குப் பயந்தேன், எல்லாவற்றுக்கும் சிரித்தாய், சரி. இதற்குச் சிரிக்காதே.

உங்கள் கேம்பின் சாட்டிலைட் போன் ஆற்றில் விழுந்துவிட்டதாம், பண்ணை வீட்டில் இருக்கும் உங்கள் மேனேஜர் மனைவி இன்க்ரிட் சொன்னாள். ஆற்றில் தண்ணீர் வடியாததால் புதன்கிழமை சாமான் லாரிதான் முதலில் கடந்து வருமாம். அதனால் இதைக் கம்ப்யூட்டரில் அடித்து அவளுக்கு அனுப்புகிறேன், அவள் அச்செடுத்து உறையில் போட்டு லாரியில் கொடுத்தனுப்புவாள். படிக்க மாட்டேன் என்றாள், படித்தால் படிக்கட்டும். லாரி ஓட்டும் நெவ்விடமும் வாயால் சொல்லி அனுப்பத்தான் போகிறாள், ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா, அவர் வந்து "பைக்ல ஏற வேணாம்னு உங்கம்மா சொன்னாங்க" என்றால் நீ என்ன செய்வாய், அவர் பெட்டியிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்துக்கொண்டே வண்டியை உதைத்துக் கிளப்புவாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் லெனாக்ஸ் பைக்கிலிருந்து விழுந்தார் என்று மட்டும் உனக்குச் செய்தி வந்திருக்கும், முழுசாக வந்திருக்காது. செம்மறிகளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார், வேகம்கூட இல்லை, ஒரு சின்ன வாய்க்காலில் இறங்கி ஏறும்போது ஹேண்டில்பார் கையில் இருக்கிறது, முன்சக்கரம் தனியாகப் போய்விட்டது. நம் வீட்டில் நிற்கிற அதே சிவப்பு வண்டிதான், அதே கம்பெனி, அதே வருடம். அவர் மனைவி இல்மா ரேடியோவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல் தேடிக்கொண்டு போனால், செம்மறிகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கின்றன, இவர் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறார். "இல்மா, என் காலு எந்தப் பக்கம் கெடக்கு, பாத்துச் சொல்லு" என்று கேட்டாராம். கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. டாக்டர் விமானம் வந்து எடுத்துப்போய் இப்போது பிரிஸ்பேனில் இருக்கிறார். இல்மா தினமும் போன் செய்கிறாள், கட்டைவிரலில் ஊசியால் குத்திப் பார்த்தார்களாம், தெரியவில்லையாம், போகப் போகத் தெரியலாம் என்கிறார்களாம். ஒவ்வொரு தடவை அவள் பேசி முடித்ததும் நான் சமையலறையில் நின்று என் கால்விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன், பைத்தியக்காரி மாதிரி. அவர்கள் நாய்களுக்கு உன் தம்பி ஃபெர்கஸ் போய்த் தீனி போட்டுவிட்டு வருகிறான்.

அதற்கு அப்புறம்தான் டவுனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் கிரேம் சொன்னார், இந்த வண்டிகளைக் கம்பெனி ரீகால் என்று திரும்பக் கூப்பிட்டு மாதக்கணக்கில் ஆகிறதாம். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கைக் கவ்விப் பிடித்திருக்கிற கிளாம்ப் வார்ப்பில் கோளாறு, உள்ளுக்குள் விரிசல் ஓடும், வெளியே தெரியாது, ஓட்டாதீர்கள், கொண்டுவாருங்கள், காசில்லாமல் மாற்றித் தருகிறோம் என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். யாருக்கு என்றால் வண்டியைப் பதிவு செய்து வைத்திருக்கிறவர்களுக்கு. பண்ணைக்குள் ஓடுகிற பைக்கை நம் பக்கம் எவன் பதிவு செய்தான்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்பா கிரேமிடம் சண்டைக்குப் போயிருக்கிறார். அதற்கு அவர், "யாருன்னு தேடிச் சொல்றது டங்கன்? நம்பர் பிளேட்டும் கெடையாது, பேரும் கெடையாது. ஒருத்தன் வாங்குறான், மச்சான் தலையில கட்டுறான், அவன் ஒரு நாய்க்குட்டிக்கும் ரெண்டு பெட்டி பீருக்கும் மாத்திக்கிறான். உங்க வண்டிக்கு வந்த கடுதாசி, அத மொதல்ல வாங்கின ஹென்ட்ரி பேருக்குப் போயிருக்கு. அந்த மனுசன் செத்து எத்தன நாளாச்சு, கல்லறையில படுத்துப் படிச்சிட்டிருப்பாரு" என்றாராம். கோபமாக வந்தது, ஆனால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அன்றைக்கே இன்க்ரிடைப் பிடித்து உன்னிடம் சொல்லச் சொன்னேன், அப்போது உங்கள் போன் உயிரோடு இருந்தது. நீ என்ன பதில் அனுப்பினாய்? "சேஸிஸ் நம்பர் போட்டுப் பாத்தாச்சு, என் வண்டி லிஸ்ட்ல இல்ல, அம்மாவ டீ போட்டுக் குடிக்கச் சொல்லுங்க." நானும் டீ போட்டுக் குடித்தேன் மார்னி. நீ பார்த்த நம்பர் சரிதான், நம்பர் மேல் குற்றம் இல்லை. ஆனால் நம் ஷெட்டில் எந்த வண்டி முழுசாக அதே வண்டியாக இருந்திருக்கிறது? ஒன்றின் சக்கரம் இன்னொன்றில், அதன் டேங்க் வேறொன்றில், சீட் மட்டும் யாரோ குப்பையில் போட்டதிலிருந்து. இந்தப் பக்கம் எல்லா ஷெட்டிலும் இதே கதைதான், கம்பெனிக்காரன் ஆபீஸில் உட்கார்ந்து நம்பரை வைத்து வண்டியைக் கண்டுபிடிக்கிறான், அவனுக்கு உன் அப்பாவைத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு ஆட்டுத்தொடை ரோஸ்ட் வைத்திருந்தேன். அப்பா காலையிலிருந்து ஷெட்டில், நம்மிடம் நிற்கிற அந்த ஹென்ட்ரி வண்டியின் கிளாம்பைக் கழற்றி கிரேமிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று. கூப்பிட்டேன், வரவில்லை, மறுபடி கூப்பிட்டேன், வரவில்லை, ஆறிப்போகிறதே என்று திட்டிக்கொண்டே போய்ப் பார்த்தால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்த வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். என்ன ஆச்சு என்றேன். "இதுல இருக்கறது மார்னி வண்டியோட ஃபோர்க்கு, ரேலீன்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "அவ கெளம்புறதுக்கு மொத நாள் மாத்தினேன். அவளோடதுல எண்ணெய் ஒழுகுச்சு. பாறையில ஓட்டப் போற பொண்ணாச்சே, இருக்கறதுல நல்லதாப் பாத்து மாட்டிவிடுவோம்னு ஹென்ட்ரி வண்டியோடத கிளாம்போட கழட்டி அவளுக்குப் போட்டுட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் நன்றாகக் கத்திவிட்டேன், இத்தனை நாள் மூளை எங்கே போயிருந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கெட்டதைச் செய்தால் மனசு திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கும், பிள்ளைக்கு நல்லதைக் கொடுத்தோம் என்று இருப்பவருக்கு அது எப்படி நினைவுக்கு வரும். ஸ்பேனரைப் பெட்டியில் வைக்கப் பார்த்தார், வெளியே விழுந்தது, எடுத்து வைத்தார், மறுபடியும் விழுந்தது.

இப்போது போய்ப் பார். ஹெட்லைட்டுக்குக் கீழே, சக்கரத்துக்கு மேலே, இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறதே, அதுதான் கிளாம்ப். பழையதில் ஒவ்வொரு பக்கமும் ஒரே போல்ட், புதியதில் இரண்டிரண்டு. இரண்டு இருந்தால் அதுதான், ஏறாதே. தடவிப் பார்த்து விரிசல் ஒன்றும் இல்லையே என்று சமாதானம் ஆகிவிடாதே, லெனாக்ஸ் முந்தின நாள்தான் வண்டியைக் கழுவித் துடைத்தாராம். வெல்டிங் வைத்துவிடலாம், கம்பி சுற்றிவிடலாம் என்று கேம்பில் யாராவது ஆரம்பிப்பான், நம் ஆட்களுக்கு உலகத்தையே வேலிக்கம்பியால் கட்டி நிறுத்திவிடலாம் என்று ஒரு நினைப்பு, காது கொடுக்காதே. மெதுவாக ஓட்டுகிறேன் என்றும் சொல்லாதே, அந்த மனிதரும் மெதுவாகத்தான் போனார். நீ ஏறாமல் வேறு யாருக்காவது இரவல் கொடுத்துவிடாதே, அவர்களுக்கும் எங்கோ ஒரு வீட்டில் அம்மா இருப்பாள். முன்சக்கரத்தைக் கழற்றி நெவ்வின் லாரியில் ஏற்றிவிடு, அப்போதுதான் எனக்குக் கொஞ்சமாவது மூச்சு வரும். வியாழக்கிழமை பாறைக்காட்டுக்குள் காளைகளைத் துரத்தப் போகிறீர்கள் என்று இன்க்ரிட் சொன்னதிலிருந்து வியாழன் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு உடம்பு சில்லிடுகிறது. பைக் இல்லையென்றால் சமையல் கூடாரத்தில் பாத்திரம் கழுவ விடுவார்கள், பையன்கள் கேலி செய்வார்கள், இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிய இடம் போய்விடும் என்று உனக்கு இருக்கும், தெரியும். கழுவு. கேலி செய்தால் செய்யட்டும். இல்லையென்றால் ஒரு குதிரை கேள். இங்கே ஃபெர்கஸ் குதிரையில்தான் போகிறான், வண்டி எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கிழட்டுப் பெண்குதிரை டச்சஸ் அவனை இரண்டு தடவை முள்ளில் தள்ளிவிட்டது, "இதுக்கும் ரீகால் போடச் சொல்லும்மா" என்று நொண்டிக்கொண்டு வந்தான், சிரித்துவிட்டேன், சிரித்த கையோடு அழுதும்விட்டேன். ஹெல்மெட் போடு என்று எழுத வந்தேன், இப்போதைக்கு அதற்கும் அவசியம் இல்லை, நீ நடக்கத்தானே போகிறாய்.

அப்பா ஞாயிறு மத்தியானமே கிளம்பிவிட்டார். உன்னிடம் அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். மார்னி ஓர் ஆளை வைத்து வேலையைப் பார்த்துக்கொள்வாள், லாரியில் செய்தி போகிறது, நீங்கள் இத்தனை தூரம் தனியாக ஓட்ட வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். எண்ணெய் ஒழுகும் உன் பழைய ஃபோர்க்கைக் கழற்றித் துடைத்து, போர்வையில் சுற்றி, பிக்கப்பில் பக்கத்து சீட்டில் வைத்து அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டினார். ரோஸ்டை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன், சாப்பிட்டாரா என்று தெரியாது. நேற்றுச் சாயங்காலம் பாதி வழியில் டெனன்ட் கிரீக்கிலிருந்து கூப்பிட்டு, "அவகிட்டேருந்து ஏதாவது வந்துச்சா" என்றார், இல்லை என்றேன், வைத்துவிட்டார். வழியில் தூங்கி எழுந்து ஓட்டுங்கள், ஆற்றுப் பக்கம் வந்தால் லாரிக்காகக் காத்திருங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள் என்று சொல்ல வைத்திருந்த எதையும் சொல்ல முடியவில்லை. இப்போது முதலைக்கு நிஜமாகவே பயப்படுகிறேன், உனக்காக இல்லை, அவருக்காக.

கடவுள் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும் மார்னி, இரண்டு கையையும் வைத்திருக்கட்டும். உனக்குப் பிடித்த பழக்கேக் அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன், கேம்பில் எல்லோருக்கும் வெட்டிக் கொடு. கடைசியாக ஒன்றே ஒன்று, இதை மறந்துவிடாதே. அப்பா வந்தால் எதுவும் பேசமாட்டார், உன் அப்பாவை உனக்குத் தெரியும், நேராக வண்டியிடம் போய் மண்டி போடுவார். பரவாயில்லப்பா, விடுங்க என்றெல்லாம் சொல்லாதே, அவர் காதில் அது ஏறாது. இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட்டால், உங்கள் கேம்புக்கு வருகிற பாதையில் கடைசியாக ஒரு கேட் இருக்குமே, அங்கே போய் நில். தூரத்தில் பிக்கப்பின் தூசி தெரிந்ததும் வெயிலுக்குள் வா. அவர் இறங்கி வந்து திறக்கும்படி விடாதே, நீயே கேட்டைத் திற, அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மெதுவாக நடந்து போ. உன் கால்களை அவர் நன்றாகப் பார்க்கட்டும்.

உன் அம்மா,
ரேலீன்