எங்கள் பேரில் வாங்கிய பத்து விழுக்காடு

அன்பு மகள் ரூபினிக்கு,

அம்மா எழுதுகிறேன். தண்ணீர்மலை முருகன் தயவில் நானும் அப்பாவும் உன் தம்பி குகனும் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் டொரோண்டோ குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் விடிந்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. கைப்பேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்லும்போதே "ம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஜெயந்தி அக்கா மகள் அந்தப் பக்கம் வருகிறாள், அவளிடம் பாலிக் புலாவ் ஜாதிக்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து முழுவதும் படி. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் நாக்கு அடங்கவில்லை, ஒட்டுக்கடையில் இனிப்பாகத் தே தாரேக் டீ குடித்துவிட்டு வந்து இல்லவே இல்லை என்று சாதிக்கிறார். குகனுக்கு சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள், பாலம் தாண்டி வந்துபோக முடியாமல் அங்கேயே அறை எடுத்துக்கொண்டான். நான் பழைய கடைக்கு இப்போது போவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜார்ஜ் டவுனில் நான் சாப்பாடு பரிமாறிய கடை உனக்குத் தெரியும், பழைய கடைவீட்டைப் புதுப்பித்து, வரும் சுற்றுலாக்காரர்களுக்காக வண்ண விளக்கெல்லாம் தொங்கவிட்டது. அங்கே பில்லில் பத்து விழுக்காடு சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போடுவார்கள், சாப்பிட்டவர் கட்டித்தான் ஆகவேண்டும். எங்கள் பேரில் வாங்கும் பணம் அது. தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, அதிலிருந்து கொஞ்சத்தை மாதச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பார். மொத்தம் எவ்வளவு வந்தது, அவர் எவ்வளவு வைத்துக்கொண்டார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. போன மாத நீண்ட விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. நன்றாகத்தான் சாப்பிட்டார்கள், அவர்கள் குழந்தை கொட்டிய சூப்பை நான்தான் குனிந்து துடைத்தேன். பில் வந்ததும் அந்த வீட்டு இளைஞர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க, இந்த சர்வீஸ் சார்ஜ் உங்க கைக்கு வருதா? உண்மைய சொல்லுங்க லா" என்றார். அத்தனை பணிவாக, தமிழில். என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறாரே என்று மனசு இளகிவிட்டது. "முழுசா வராது தம்பி, கொஞ்சம்தான் குடுப்பாங்க" என்றேன். அவ்வளவுதான், கைப்பேசியை எடுத்து பில்லின் அடிப்பக்கத்தை வீடியோ எடுத்துக்கொண்டே, "பாருங்க, வேலை செய்றவங்களே சொல்றாங்க, இது பகல் கொள்ளை, நான் கட்டமாட்டேன்" என்று கடை அதிரக் கத்தினார். மற்ற மேசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பில் தட்டைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். தவுக்கே ஓடிவந்து, சத்தம் ஓய்ந்தால் போதும் என்று அந்தக் கட்டணத்தைப் பில்லிலிருந்து அடித்துவிட்டார். மீதிச் சில்லறையைக் கொண்டுபோய் வைத்தேன். "உங்களுக்காகத்தான் பேசினேன் ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே தட்டை வழித்து ஒரு சென் காசு விடாமல் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வீடியோ பரவி, எந்தக் கடை என்று இங்கே எல்லோரும் கண்டுபிடித்த பிறகு தவுக்கே சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டார். கூடவே எங்களுக்குக் கொடுத்துவந்த அந்தக் கொஞ்சத்தையும் நிறுத்திவிட்டு, சாப்பாட்டு விலையை ஏற்றிவிட்டார். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கட்டாயப்படுத்தாதீர்கள், மனசுப்படி நாங்களே கொடுப்போம் என்று வீடியோவுக்குக் கீழே எத்தனையோ பேர் எழுதியிருந்தார்களாம். அந்த மனசுகளுக்காகக் கல்லா பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள், அதில் விழுந்ததெல்லாம் இங்கே செல்லாத வெளிநாட்டுக் காசு. என்னோடு பரிமாறும் சலேஹா, மகளைக் காப்பகத்தில் விடுவதற்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தாள். இப்போது பிள்ளையைப் பாலம் தாண்டித் தாசேக் கெலுகோரில் அவள் அக்காள் வீட்டில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்க்கிறாள். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் கைகழுவும் இடத்தில் மட்டும் மலாயில் கேட்டாள், "அக்கா, வாயத் திறக்கிறதுக்கு முன்னாடி எங்களயும் ஒரு நிமிஷம் நெனச்சிருக்கக் கூடாதா?" என்று. தவுக்கே என்னைப் பின்கட்டில் மங்கு, தட்டு கழுவப் போட்டார், வாடிக்கையாளர் கண்ணில் படவேண்டாமாம். பொறுத்துப் பார்த்தேன். பிறகு, பணத்தை வைத்துக்கொண்டது நீங்கள், பேர் கெட்டது எனக்கா என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்தேன். "நான் உன்ன வேலைய விட்டு நிறுத்தலையே" என்றார், அதையும் சிரித்துக்கொண்டே.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன் ரூபினி. அந்த வீடியோ நம் குடும்பக் குழுவுக்கும் வந்தது. அனுப்பியது நீ. "சூப்பர் லா, இப்படித்தான் கேக்கணும், இங்கயும் டிப்ஸ் டிப்ஸ்ன்னு உயிர வாங்குறானுங்க" என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தாய். அதில் கடைப் பெயர் இல்லை, என் முகம் இல்லை, என் குரலும் இல்லை. தட்டைப் பிடித்த கை மட்டும் இருக்கிறது. கட்டைவிரலில் பாதி நகம் இல்லாத கை. நாலு வயதில் நீ கதவை அடித்துச் சாத்தியபோது போன நகம். குகன் பார்த்த உடனே "ம்மா, அது நீதானே" என்று போன் செய்தான். அப்பா பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நீயாகவே கண்டுபிடிப்பாய் என்று இருவரையும் வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தேன். நீ அடுத்த நாள் பனியில் எடுத்த படங்களை அனுப்பினாய்.

கட்டாயமாக வாங்குவது நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. வாங்கினவர் எங்களுக்குச் சரியாகக் கொடுக்கவில்லை, கொடுக்கமாட்டேன் என்று ஜெயித்தவரும் கொடுக்கவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றவள் நான். அங்கே உனக்குக் கட்ட இஷ்டமில்லை என்றால் கட்டாதே. முதலாளியோடு சண்டை என்றால் முதலாளியைக் கூப்பிட்டுப் பேசு, பரிமாற வந்தவளைச் சாட்சிக்கு இழுக்காதே. இப்போது ஒரு மருத்துவமனை கேன்டீனில் சேர்ந்திருக்கிறேன். அவரவர் தட்டை அவரவரே எடுத்துப்போகிறார்கள், யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் மனம் ஒருவர் அறிந்து வாழவேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொண்டு வெளியே போ. ஒன்று மட்டும் மறக்காதே, இதைப் படித்துவிட்டு மனசு கேட்காமல் என் கணக்கில் பணம் எதுவும் போட்டுவிடாதே. பெற்ற பிள்ளையிடம் டிப்ஸ் வாங்கும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
லோகேஸ்வரி
ஜெலுத்தோங், பினாங்கு