தினம் முந்நூறு இலை

தம்மம்பட்டி
4-10-1934

சிரஞ்சீவி மாப்பிள்ளை பாலசுந்தரத்துக்கு உன் தாய்மாமன் கைலாசம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. எனக்கும் உன் அத்தை முத்தாயம்மாளுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் அக்காவும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நம் காப்பி கிளப்பை அடைத்துவிட்டார்கள். ஊரில் வாந்திபேதி. தெற்குத் தெருவில் நாலு பேர் போய்விட்டார்கள். சந்தையை நிறுத்தினார்கள், சரி. எதிரே காளியப்பன் கள்ளுக்கடையை அடைத்தார்கள், ரொம்ப சரி. சோறு போடுகிற இடத்தை எதற்கு அடைப்பது? சுகாதார இன்ஸ்பெக்டர் தண்டோராக்காரனை முன்னால் விட்டுச் சைக்கிளில் வந்து, கதவில் காகிதத்தை ஒட்டப் போனார். நான் விடவில்லை. "ஏனுங்க, மூணு ஜில்லாவுல என் இட்லியத் தெரியாதவன் உண்டுங்களா?" என்று கேட்டேன். மனிதர் துண்டை எடுத்து முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஒட்டிவிட்டுப் போனார்.

நம் கடைச் சங்கதி உனக்குத் தெரியாததா. தினம் முந்நூறு இலை விழுகிறது. கொல்லிமலையிலிருந்தும் பச்சைமலையிலிருந்தும் இறங்குகிறவர்களும் ஆத்தூர் வண்டிக்காரர்களும் உட்கார இடமில்லாமல் தெருமுனை வரைக்கும் நிற்பார்கள். ஒருதரம் ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையை விட்டு இறங்காமலே நாலு தோசை தின்றுவிட்டு, சீமையில் இப்படிக் கிடைக்கவில்லையே என்று கண்ணீர் விட்டார்.

நீ ஜில்லா சுகாதார ஆபீசிலேயே குமாஸ்தாவாக இருக்கும்போது என் கடை பூட்டிக் கிடக்கலாமா? உன் மேலதிகாரியிடம் இந்தக் கடிதத்தை அப்படியே காட்டு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் என் எழுத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர் கிடையாது.

இப்படிக்கு,
கைலாசம், காப்பி கிளப் முதலாளி


சேலம்
19-10-1934

மாமா அவர்களுக்குப் பாலசுந்தரம் நமஸ்காரம். அம்மா உங்களையும் அத்தையையும் ரொம்ப விசாரித்தாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள்.

நீங்கள் சொன்னபடி கடிதத்தை அப்படியே அதிகாரியிடம் வைத்தேன். அது என் புத்தி கெட்ட வேளை. அவர் "தினம் முந்நூறு இலை" என்ற இடத்தில் சிவப்பு மசியால் கோடு போட்டு, "பெருங்கூட்டம் கூடும் இடம், கடைசியில் திறக்கவும்" என்று ஓரத்தில் எழுதிவிட்டார்.

இப்போது புது உத்தரவு வந்திருக்கிறது. ஒரே சமயத்தில் பத்துப் பேருக்கு மேல் உட்காராத சிறிய கடைகளைத் திறக்கலாம். எத்தனை பேர் என்று ஊர் மணியக்காரர் சாவடியில் படித்துக் காட்டிச் சான்று எழுத வேண்டும். கள்ளுக்கடைகள் முதல் தேதியே திறக்கின்றன. அங்கே யாரும் உட்காருவதில்லை, நின்று குடித்துவிட்டுப் போகிறார்கள் என்று பைலில் எழுதியிருக்கிறது. இதற்கு என்னிடம் கோபிக்க வேண்டாம்.

மாமா, கோடை லீவில் நான் உங்கள் கடையில் சாப்பிட்டேன். பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். உள்ளதை உள்ளபடி எழுதி மனு அனுப்புங்கள். அது போதும்.

தங்கள் மருமகன்,
பாலசுந்தரம்


தம்மம்பட்டி
27-10-1934

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். நீ சாப்பிட்ட அன்று அமாவாசை. பாதி ஊர் விரதம். அதை வைத்துக் கணக்குப் போடலாமா?

ஆனாலும் சட்டத்துக்கு மரியாதை கொடுப்பவன் நான். மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே சமயத்தில் பத்துப் பேர்தான் என்று ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன். பத்துப் பத்துப் பேராக, நாள் ஒன்றுக்கு முப்பது பந்தி. மணியக்காரர் கந்தவேல் ஆத்தூர் போயிருக்கிறார், ஆகையால் சான்று இல்லை. என் கையெழுத்தே சான்று.

காளியப்பன் இப்போதே வாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறான். குடிகாரன் நின்றுகொண்டு குடிப்பானாம், காலரா அவனைத் தொடாதாம். உட்கார்ந்து இட்லி தின்கிறவனைத்தான் தேடிப்பிடிக்குமாம். உங்கள் ஆபீசுக்கு நான் ஒருநாள் வந்து புத்தி சொல்லத்தான் வேண்டும்.

அத்தை சௌக்கியம். வீட்டில் பொழுது போகவில்லை என்று பக்கத்து வீட்டுப் பொன்னாயியின் புன்செய்க் காட்டில் கடலைக்காய் பறிக்கிற வேடிக்கையைப் பார்க்கப் போய் வருகிறாள்.

கைலாசம்


சேலம்
10-11-1934

மாமாவுக்கு,

முப்பது பந்தியைப் படித்துவிட்டு ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "இது யார், உன் சொந்தக்காரரா? சொந்தக்காரருக்காகப் பைலைத் தூக்கிக்கொண்டு வருகிறாயா?" என்று கேட்டார். தம்மம்பட்டி பைலை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலை நிலைக்குமா என்று எனக்கே தெரியவில்லை.

ராசிபுரம் வண்டிக்காரர் ஒருவர் போன வாரம் தம்மம்பட்டிக்குப் போய்விட்டு இங்கே வந்தார். அத்தை கூலிக்குக் கடலைக்காய் பறிப்பதாகவும், குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றும் சொன்னார். நீங்கள் வேடிக்கை பார்க்கப் போகிறாள் என்று எழுதினீர்கள். அம்மா அதைக் கேட்டு அன்று சாப்பிடவில்லை.

இனி இந்த விஷயமாக எனக்கு எழுத வேண்டாம். மனுவை ஆபீசுக்கே அனுப்புங்கள்.

பாலசுந்தரம்


தம்மம்பட்டி
2-12-1934

மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். மனு ஆபீசுக்குத்தான் போயிருக்கிறது. இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

பத்தை எட்டாகக் குறைத்து நான் எழுதிய புது மனுவை நேற்று சாவடியில் மணியக்காரர் படித்தார். ஐம்பது பேர் இருந்தார்கள். இந்த ஐம்பதை நான் எண்ணினேன். "ஒரே சமயத்தில் உட்காருவோர் எட்டு" என்று அவர் படித்ததும் காளியப்பன் எழுந்தான்.

"எட்டா? ரெண்டு பலகைதான கெடக்குது. பலகைக்கு மூணு பேருதானுங்க."

"நெருங்கி உக்காந்தா நாலு" என்றேன்.

"நெருங்கி உக்காரக் கூடாதுன்னுதான கடைய அடைச்சு வெச்சிருக்குது."

மணியக்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னன்னு போடட்டும் கைலாசம்?"

காட்டிலிருந்து நேரே வந்த உன் அத்தை பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், கையெல்லாம் செம்மண். அவள்தான் சொன்னாள். "ஆறுன்னு போடுங்க சாமி. நாளொண்ணுக்கு இருவது எலை. சந்தையன்னிக்கு முப்பது."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போடவாவது ஒரு வழி இருந்திருக்கும். "ஆமா, சரிதான்" என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எல்லோரும் நம் கடையில் சாப்பிட்டவர்கள்தானே. இத்தனை வருஷம் நான் முந்நூறு என்று சொன்னபோதெல்லாம் அதே தலையைத்தான் ஆட்டினார்கள்.

அத்தை கூலிக்குத்தான் போகிறாள். உனக்கு அதை எழுதக் கை வரவில்லை. துரை தோசை தின்றது மட்டும் நிஜம். நாலு இல்லை, ஒன்று. அழவும் இல்லை.

உனக்கு வேலை போனால் சொல். நானே வந்து, எழுதியதெல்லாம் என் வாய்க்கொழுப்பு, பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று அதிகாரியிடம் சொல்கிறேன்.

மாமன்,
கைலாசம்


தம்மம்பட்டி
23-12-1934

மாப்பிள்ளைக்கு,

உத்தரவு வந்து மூன்று நாள் ஆகிறது. ஆறு பேர், காய்ச்சிய தண்ணீர், ஈ மொய்க்காமல் மூடி வைக்க வேண்டும். நேற்றுக் கடையைத் திறந்தோம்.

நாலு இலை விழுந்தது. அதில் இரண்டு நானும் உன் அத்தையும். ஒன்று காளியப்பன். இன்னொருவர் ஆத்தூர் வண்டிக்காரர், இட்லி கல்லாக இருக்கிறது என்று பாதியில் எழுந்துவிட்டார். சரியாகத்தான் சொன்னார். மூன்று மாசம் உரலில் கை வைக்காததில் அத்தைக்கு மாவுப் பதம் தப்பிவிட்டது. சந்தை எப்போது கூடும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜனங்களுக்கு வெளியில் கை நனைக்கவே பயம்.

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று மட்டும் ஒரு கார்டில் போடு. என்மேல் கோபம் இருந்தால் அக்காவை விட்டாவது போடச் சொல்.

நாளைக்கும் அத்தை கடலைக்காய் உடைக்கக் கூலிக்குப் போகிறாள். மத்தியானம் வரைக்கும் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். நான் ஒருவனே போதும்.

கைலாசம்